கவுண்டரில் சொல்ல முடிகிற விதி

நூலகக் கவுண்டரில் நாள் முழுக்க வரும் கேள்வி ஒன்றுதான்: "இதை எப்போ திருப்பித் தரணும்?" இன்று அதற்கு வாயால் பதில் சொல்லும் வேலையே இல்லை. பார்கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் தேதி வந்துவிடுகிறது. மாணவர் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். "அவனுக்கு 21 நாள், எனக்கு மட்டும் ஏன் 7 நாள்?" என்று ஒருவர் திரும்பி வந்து கேட்கும்போதுதான் கவுண்டரில் இருப்பவர் திகைத்துப்போகிறார். தேதியைக் கொடுத்தது கணினி. காரணம் கணினிக்குள் ஏதோ ஓர் அட்டவணையில் இருக்கிறது. பல நூலகங்களில் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தாலும் பதில் கிடைப்பதில்லை.

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் நூலகர். எங்கள் நூலகம் ‘கோஹா’ என்ற திறமூல மென்பொருளில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் பல கல்லூரி நூலகங்களிலும் இதுதான். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் இரவல் விதிகள் குழம்பிப்போனால் என்னைக் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து சிக்கலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வருவேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் ஒன்று உண்டு. கவுண்டரில் உட்காருபவர் ஒரே வாக்கியத்தில் மாணவருக்குச் சொல்ல முடியாத விதி கோஹாவிலும் இருக்கக் கூடாது. மென்பொருள் தாங்குகிறதே என்பதற்காக விதிகளை அடுக்கிக்கொண்டே போனால், அதன் சுமை கடைசியில் கவுண்டருக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது.

கணினிக்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்த்தால் விதி எப்படி இப்படி மாறியது என்பது புரியும். எங்கள் தலைமுறை படிக்கும்போது நூலகங்களில் இருந்தது பிரௌன் முறை. நீனா பிரௌன் என்ற அமெரிக்கப் பெண்மணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. உறுப்பினராகச் சேர்ந்ததும் மாணவருக்கு மூன்று டிக்கெட் கொடுப்பார்கள். ஒவ்வொரு டிக்கெட்டும் அட்டையில் செய்த சின்னப் பை. நூலை எடுக்கும்போது அதற்குள் செருகியிருக்கும் புத்தக அட்டையை உருவி, மாணவரின் டிக்கெட்டுக்குள் போட்டு, தேதிவாரியாகத் தட்டில் அடுக்குவார்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித் தாளில் ரப்பர் ஸ்டாம்பு விழும். அவ்வளவுதான். எத்தனை நூல் எடுக்கலாம்? கையில் எத்தனை டிக்கெட் இருக்கிறதோ அத்தனை. என்றைக்குத் திருப்ப வேண்டும்? ஸ்டாம்பில் இருக்கும் தேதி. காலையில் ஸ்டாம்பின் தேதியை ஒரு முறை திருப்பி வைத்தால் அன்று முழுக்க எல்லோருக்கும் அதே தேதிதான். விதி மாணவரின் கைக்குள் இருந்தது. அவரே எண்ணிப் பார்க்கலாம். ஆளுக்கொரு தேதி கொடுப்பதென்றால் ஸ்டாம்பை ஆளுக்கொரு தடவை திருப்ப வேண்டும். அதனால் யாரும் அப்படி யோசிக்கவே இல்லை.

கணினி வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. யாருக்கு வேண்டுமானாலும், எந்த நூலுக்கு வேண்டுமானாலும் தனித் தேதி கொடுக்கலாம். நூலகக் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "எங்க டிபார்ட்மென்ட் பசங்களுக்கு இன்னும் ஒரு வாரம் சேத்துக் குடுங்க" என்றால், அன்று மாலையே ஒரு வரி சேர்த்துவிடலாம். சேர்க்கப்பட்ட வரிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. கேட்டவர் ஓய்வு பெற்று, அந்தப் பாடப்பிரிவே மூடப்பட்ட பிறகும் வரி மட்டும் இருக்கிறது.

கோஹா பிறந்த இடத்தில் தேவைகள் சின்னவை. நியூசிலாந்தில் லெவின் என்ற சிறு நகரை மையமாகக் கொண்ட ஹோரோஃபெனுவா லைப்ரரி டிரஸ்ட், 1999-இல் தங்கள் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்பதால் மாற்று தேடியது. கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் புதிதாக எழுதிக் கொடுத்தது. 2000 ஜனவரியில் நூலகம் அதில் இயங்கத் தொடங்கியது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஊர் மக்கள் கதைப் புத்தகம் எடுத்துப்போகும் நூலகத்துக்கு எழுதியது, பிறகு பல்கலைக்கழகங்கள், சட்ட நூலகங்கள், மருத்துவமனை நூலகங்கள் என்று பல நாடுகளுக்குப் போயிற்று. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள், அல்லது பணம் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். மணிக்கணக்கில் இரவல் தரும் நூலகம் மணி என்ற அலகைக் கேட்டது. நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கக் கொடுப்பவர்கள் அதற்குத் தனி எண்ணிக்கை கேட்டார்கள். இன்று ஒரு விதிக்கு நூல் எண்ணிக்கை, நாட்கள், புதுப்பித்தல், முன்பதிவு, அபராதம், சலுகை நாள், அபராத உச்சவரம்பு, இடைநீக்கம் என்று முப்பதுக்குக் குறையாத பெட்டிகள். மானிட்டரில் அடங்காமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போக வேண்டும். எந்தப் பெட்டியையும் வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு நூலகத்துக்கு அது தேவைதான். ஆனால் ஒன்றைச் சேர்க்கப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது, எடுத்துவிடப் பணம் கொடுக்க யாரும் இல்லை. திறமூல மென்பொருளை மனதார நேசிக்கிறவள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, அந்த அட்டவணை எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு விதியும் மூன்று கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. எந்த நூலகம்? எந்த உறுப்பினர் வகை? எந்த ஐட்டம் டைப், அதாவது பொது நூலா, ரெஃபரன்ஸா, இதழ்த் தொகுதியா? ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட பதிலும் தரலாம், ‘எல்லாம்’ என்றும் விடலாம். மூன்றுக்குமே ‘எல்லாம்’ என்று இருக்கும் வரிதான் அடிப்படை விதி. வேறெந்த வரியும் பொருந்தாதபோது கோஹா வந்து சேரும் இடம் அது. அந்த ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கோஹாவின் கையேடே சொல்கிறது.

ஒரே நூலுக்கு இரண்டு மூன்று வரிகள் பொருந்தினால் எது ஜெயிக்கும்? பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ‘அதிக விவரம் உள்ள வரி ஜெயிக்கும்’ என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோஹா முதலில் நூலகத்தைப் பார்க்கிறது. பிறகு உறுப்பினர் வகை. கடைசியில்தான் ஐட்டம் டைப். நூலகத்தின் பெயர் போட்ட ஒரு வரி பொருந்திவிட்டால், ‘எல்லா நூலகங்களும்’ என்ற தலைப்பின் கீழ் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தாலும் அது எடுபடாது.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் நடந்தது இது. அவர்களுக்கு மெயின் லைப்ரரி ஒன்று, பெண்கள் விடுதியில் ஒரு சின்ன நூலகம். இளநிலை மாணவர்கள் பாடநூலை 21 நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவெடுத்தது. நூலகர் ‘எல்லா நூலகங்களும், இளநிலை, பாடநூல்’ என்ற வரியில் 21 என்று மாற்றினார். சரியாகத்தான் செய்தார். ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்கு 7 நாள்தான் வந்தது. மெயின் லைப்ரரியில் எடுத்தவர்களுக்கு 21. முறையிட்ட மாணவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அட்டவணையைத் திறந்தோம். விடுதி நூலகத்தின் பெயரில் ஒரே ஒரு வரி: எல்லா உறுப்பினர்களும், எல்லா நூல்களும், 7 நாள். விடுதி நூலகம் தொடங்கிய புதிதில் வார இதழ்களை மனதில் வைத்து யாரோ போட்டது. உறுப்பினர் வகை, ஐட்டம் டைப் இரண்டையும் சரியாகக் கொடுத்த வரியை, நூலகத்தின் பெயரை மட்டும் வைத்திருந்த அந்தப் பழைய வரி தள்ளிவிட்டது.

"அப்போ நான் லேட்டா குடுத்தேன்னு ஃபைன் போட்டதெல்லாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நூலகர் அன்றே கணக்கில் இருந்ததைத் தள்ளுபடி செய்தார்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ‘ஆசிரியர்கள், எல்லா நூல்களும், 180 நாள்’ என்று ஒரு வரி. ‘எல்லா உறுப்பினர்களும், ரெஃபரன்ஸ் நூல், இரவல் இல்லை’ என்று இன்னொரு வரி. ஆசிரியர் ஒருவர் கலைக்களஞ்சியத் தொகுதியைக் கவுண்டருக்குக் கொண்டுவருகிறார். உறுப்பினர் வகை முதலில் பார்க்கப்படுவதால் ஆசிரியர் வரி ஜெயித்துவிடும். கலைக்களஞ்சியம் ஆறு மாதத்துக்கு வீட்டுக்குப் போய்விடும். வாசகரோ கவுண்டரில் இருப்பவரோ தவறு செய்யவில்லை. விதி எழுதியவர் மனதில் இருந்ததும் கோஹா படித்ததும் வேறு வேறு. இதற்குத் தீர்வு இன்னும் நாலு வரி சேர்ப்பது அல்ல. ஐட்டம் டைப் அமைப்பிலேயே ‘இரவலுக்கு இல்லை’ என்று டிக் செய்ய ஒரு பெட்டி இருக்கிறது. ரெஃபரன்ஸுக்கு அங்கே டிக் செய்துவிட்டால் இரவல் அட்டவணையில் ரெஃபரன்ஸ் என்ற பேச்சே வேண்டாம். வரியும் குறைகிறது, ஓட்டையும் அடைபடுகிறது.

அட்டவணை பெருப்பதற்கு உண்மையான காரணம் அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. நான் போய்ப் பார்த்த ஒரு கல்லூரியில் 19 உறுப்பினர் வகைகள். பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம், பி.காம்., எம்.காம். என்று துறைக்கொரு வகை. ஐட்டம் டைப் 12. தமிழ் நூல், ஆங்கில நூல், இயற்பியல், வணிகவியல் என்று பாடத்துக்கொரு வகை. இரண்டு நூலகங்கள். பெருக்கிப் பார்த்தால் 456 சேர்க்கைகள். அதில் நூற்றுக்கும் மேலான வரிகளை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அவருடைய உழைப்பைப் பார்த்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"இவ்வளவு வகை எதுக்குண்ணே?" என்று அங்கே நீண்ட காலமாக இருக்கும் உதவியாளரிடம் கேட்டேன்.

"நாக் டீம் வரும்போது டிபார்ட்மென்ட் வாரியா கணக்குக் கேப்பாங்கம்மா. அதுக்குத்தான்."

கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் கணக்கு வேண்டும் என்பது சரி. அதற்கு உறுப்பினர் வகை தேவையில்லை. கோஹாவில் உறுப்பினர் பதிவில் துறையைக் குறிக்கத் தனிப் புலங்கள் இருக்கின்றன. தேவைப்பட்டால் நாமே புதுப் புலம் உருவாக்கியும் கொள்ளலாம். நூலின் பாடத்தைக் குறிக்க ‘கலெக்‌ஷன் கோட்’ இருக்கிறது, அலமாரி இருக்கும் இடத்தைக் குறிக்க வேறொன்று இருக்கிறது. துறைவாரி அறிக்கை இவற்றிலிருந்து தாராளமாக வரும். உறுப்பினர் வகை என்பதை உரிமை மாறும்போது மட்டும் பிரிக்க வேண்டும். பி.ஏ. தமிழ் மாணவருக்கும் பி.எஸ்சி. கணித மாணவருக்கும் ஒரே நாட்கள், ஒரே எண்ணிக்கை என்றால் இருவரும் ஒரே வகைதான்.

இதே கல்லூரியில் ‘இறுதியாண்டு’ என்று தனி வகைகளும் இருந்தன. நூல் பாக்கி இல்லை என்ற ‘நோ டியூ’ சான்று கொடுக்கும் நேரத்தில் நூல்கள் வெளியே இருக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவது பெரிய வேலை. விடுபட்டவர்கள் தேர்வு முடிந்த பிறகும் நூலோடு இருந்தார்கள். கோஹாவில் இதற்கு ஓர் அமைப்பு உண்டு. உறுப்பினர் கணக்கு முடியும் தேதிக்குள் நூல் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டால், வழக்கமான தேதி அதைத் தாண்டும்போது கோஹாவே முன்னால் இழுத்துக்கொள்ளும். சேர்க்கையின்போதே கணக்கு முடியும் தேதியைப் படிப்பு முடியும் தேதியாகப் போட்டுவிட்டால் போதும். நாலைந்து வகைகள் அப்படியே காணாமல் போகும்.

எண்ணிக்கையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 12 ஐட்டம் டைப்புக்கும் தனித்தனி வரி எழுதி, ஒவ்வொன்றிலும் ‘2 நூல்’ என்று போட்டிருந்தார்கள். மாணவருக்கு மொத்தம் இரண்டு என்பது அவர்கள் எண்ணம். ஐட்டம் டைப் பெயர் சொல்லி எழுதிய வரியில் இருக்கும் எண் அந்த வகைக்கு மட்டும்தான் கணக்கு. வகைக்கு இரண்டு என்றால் ஒரு மாணவர் 24 நூல் எடுத்துப்போகலாம். மொத்த எண்ணிக்கைக்குத் தனி இடம் இருக்கிறது. அதே பக்கத்தில் கீழே இறங்கிப் போனால், உறுப்பினர் வகை ஒவ்வொன்றும் எல்லாம் சேர்த்து எத்தனை எடுக்கலாம் என்று ஒரு பெட்டி. அகலமான அட்டவணையின் கீழே ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் அது படுவதே இல்லை. நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ‘எத்தனை நூல்’ என்பதைக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியில் வையுங்கள், ‘எத்தனை நாள்’ என்பதை மேலே அட்டவணையில் வையுங்கள். இரண்டு கேள்வியும் பிரிந்துவிட்டால் தலை தெளிந்துவிடும்.

அபராதத்துக்கு வருகிறேன். எனக்கு மனம் கொதிப்பது இங்கேதான். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்று எழுதுவது சுலபம். அந்த ஒரு ரூபாய் எப்போது, எப்படி ஏறும் என்பது ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தொகை ஒரு பெட்டி. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது இன்னொரு பெட்டி. அதைக் காலியாக விட்டால் அபராதமே ஏறாது. சலுகை நாள் வேறொன்று. சலுகை தாண்டிய பிறகு அந்த நாட்களையும் சேர்த்து எண்ணுவதா என்பது வேறு பக்கத்தில் இருக்கும் அமைப்பு. விடுமுறை நாளுக்கு அபராதம் உண்டா என்பது இன்னோர் அமைப்பு. அது வேலை செய்ய, நூலக நாள்காட்டியில் விடுமுறைகளை ஒழுங்காகப் பதிந்திருக்க வேண்டும். நாள்காட்டியோ ஒவ்வொரு நூலகத்துக்கும் தனி.

கோடை விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவன் கணக்கில் 45 ரூபாய். "மேடம், நான் ஊருக்குப் போயிருந்தேன். லைப்ரரியும் பூட்டித்தானே இருந்துச்சு?" என்றான். மெயின் லைப்ரரியின் நாள்காட்டியில் விடுமுறை பதிந்திருந்தது, அவன் நூல் எடுத்த கிளையில் பதியவில்லை. அத்தோடு முடியவில்லை. அபராத பாக்கி ஒரு தொகையைத் தாண்டினால் புது நூல் தராமல் நிறுத்தும் அமைப்பு ஒன்று கோஹாவில் உண்டு. நிறுவும்போது அதில் இருக்கும் எண் 5. டாலர் புழங்கும் நாட்டில் அதற்கு ஓர் அர்த்தம். இங்கே அதை மாற்றாமல் விட்டால் ஐந்து ரூபாய். ஆறு ரூபாய் பாக்கிக்காக ஒரு பிள்ளைக்கு நூலகம் மூடிவிடுகிறது. யாரும் முடிவெடுத்துச் செய்தது அல்ல. எந்தக் கமிட்டியிலும் பேசப்படவும் இல்லை. யாரும் பார்க்காத ஒரு பெட்டி அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர். கவுண்டரில் ஒருமுறை கூச்சப்பட்டால் மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார்கள். சிகாகோ பொது நூலகம் 2019-இலும் நியூயார்க் பொது நூலகம் 2021-இலும் தாமத அபராதத்தையே கைவிட்டன. அபராதம் அதிகம் பாதித்தது வசதி குறைந்த வட்டாரங்களை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கல்லூரி நூலகத்தில் ஒரு நூலுக்காக ஐம்பது பேர் காத்திருக்கும்போது முழுக்கக் கைவிட முடியுமா என்பது தனி விவாதம். குறைந்தது, அபராத விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஒரு வாக்கியத்தில் சொல்லும்படி இருக்கட்டும். எங்கள் கல்லூரியில் அது இப்படி: ‘மூன்று நாள் பொறுப்போம், அதன் பிறகு வேலை நாளுக்கு ஒரு ரூபாய், ஒரு நூலுக்கு 30 ரூபாய்க்கு மேல் போகாது.’

மென்பொருளை எழுதுபவர்களும் இந்தச் சிக்கலை உணராமல் இல்லை. பழைய கோஹாவில் ஒரு விதியின் எல்லாப் பெட்டிகளும் ஒரே நீள வரியாகத் தரவுத்தளத்தில் கிடந்தன. ஒரு வகையினருக்கு நாட்களை மட்டும் மாற்ற வேண்டும் என்றாலும் முழு வரியையும் படியெடுக்க வேண்டும். பின்னால் அடிப்படை வரியில் அபராதத்தை மாற்றினால் படியெடுத்த வரிகளில் பழைய தொகையே நிற்கும். 2020 மே மாதப் பதிப்பில் இந்த அமைப்பைக் கலைத்து, ஒவ்வொரு விதியையும் பெயர், மதிப்பு என்று தனித்தனியாகச் சேமிக்கும்படி மாற்றி எழுதி முடித்தார்கள். அடித்தளத்தில் நல்ல வேலை. இனி நாட்களுக்கு ஒரு வரியும் முன்பதிவுக்கு வேறொரு வரியும் பொருந்துவது கொள்கையளவில் சாத்தியம். ஆனால் நூலகர் பார்க்கும் திரை அந்த எளிமையை இன்னும் எட்டவில்லை. ஒரு வரியைச் சேமித்தால் பெட்டிகள் கூட்டமாகவேதான் சேமிக்கப்படுகின்றன.

மற்றத் திறமூல மென்பொருள்கள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்களுக்காக 2006-இல் வந்த ‘எவர்கிரீன்’, எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதை நூலகமே தீர்மானிக்க விடுகிறது. ஒரு விதியில் ஒரு பெட்டியைக் காலியாக விட்டால், அதற்கு மேலே உள்ள பொதுவான விதியிலிருந்து அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும். ‘ஃபோலியோ’வில் அட்டவணையே இல்லை. விதிகளை வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையும், எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதும் உச்சியில் எழுதியிருக்கும். பழகாதவர்களுக்கு அது மிரட்டும். ஆனால் முன்னுரிமை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்பது பெரிய விஷயம். கோஹாவிடம் நான் கேட்பது இதைவிடச் சின்னது. கவுண்டர் திரையில் தேதி வரும்போது, அது அட்டவணையின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதும் பக்கத்தில் வரட்டும். விடுதி மாணவியின் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. விளக்கம் தேடி அலையும் நேரமும் வாசகரின் நேரம்தான்.

அட்டவணையைச் சுருக்க நினைப்பவர்கள் கணினியை உடனே திறக்க வேண்டாம். முதலில் ஒரு தாளில், கவுண்டர் உதவியாளர்களையும் வைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனை நாள் என்று பேச்சு மொழியில் எழுதுங்கள். எழுத முடியாதது எதுவோ அதைக் கமிட்டிக்குக் கொண்டுபோங்கள். அடிப்படை வரியை இருப்பதிலேயே குறைந்த உரிமையாக வையுங்கள். ஏதாவது விடுபட்டாலும் நூல் ஆறு மாதத்துக்குப் போய்விடாது. பிறகு விதிவிலக்குகள் மட்டும். அட்டவணையில் நீங்கள் பயன்படுத்தாத பத்திகளை மறைத்துவையுங்கள். பருவ இடைவேளையில் மாற்றுங்கள். ஏற்கெனவே வெளியே போன நூல்களின் தேதி மாறாது. ஆனால் அபராதத்தை ஒவ்வோர் இரவும் அன்றைய விதிப்படியே கோஹா கணக்கிடும் என்பதால், பருவத்தின் நடுவில் தொகையை மாற்றினால் கையில் நூல் வைத்திருப்பவர்களின் கணக்கு கலங்கும். மாற்றியதும் வகைக்கு ஒரு சோதனை உறுப்பினரை உருவாக்கி, ஒவ்வோர் ஐட்டம் டைப்பிலும் ஒரு நூலைக் கொடுத்து வாங்கித் தேதியைத் தாளோடு ஒப்பிடுங்கள். கிளை நூலகம் இருந்தால் அங்கேயும்.

எங்கள் அட்டவணையில் இப்போது ஆறு வரிகள். எல்லோருக்கும் 14 நாள், ஒரு முறை புதுப்பிக்கலாம். ஆய்வு மாணவருக்கு 30 நாள். ஆசிரியருக்கு 180 நாள். பைண்டு செய்த இதழ்த் தொகுதி யாராக இருந்தாலும் 3 நாள். இந்தக் கடைசி விதிக்கு மட்டும் மூன்று வரி தேவைப்பட்டது: எல்லோருக்கும் ஒன்று, ஆய்வு மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. உறுப்பினர் வகை முந்திக்கொள்ளும் என்பதால் அந்த இருவருக்கும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கவுண்டர் கண்ணாடியில் இதை நாலு வாக்கியமாக ஒட்டியிருக்கிறோம்.

சென்ற பருவத்தில் வெளியூர் ஆய்வாளர்களுக்குப் புது உறுப்பினர் வகை வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். எத்தனை நாள் தரப்போகிறீர்கள் என்று கேட்டேன். 14 போதும் என்றார்கள். வகையை உருவாக்கினோம், கீழ்ப் பெட்டியில் எண்ணிக்கை 2 என்று போட்டோம். அட்டவணையில் வரி எதுவும் சேரவில்லை. அவர்களுக்கு அடிப்படை வரியே பொருந்துகிறது. அடுத்த கூட்டத்துக்கு நான் வைத்திருப்பது ஆசிரியர்களின் 180 நாள். முன்பதிவுப் பட்டியலில் மாணவர்கள் வரிசையாகக் காத்திருக்கும் நூல்கள் சில, பருவம் முழுக்க ஆசிரியர் அறைகளில் இருக்கின்றன. 90 நாளாகக் குறைக்க வேண்டும் என்று பேசப்போகிறேன். எதிர்ப்பு வரும். ஆனால் மாற்ற வேண்டியது ஒரே ஒரு பெட்டி என்பதால், வாதம் இனி மென்பொருளைப் பற்றி இருக்காது. நூல் யாருக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.